பெயரைத் திருத்தும் கை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஓர் எழுத்தை. ஓர் எழுத்தைப் பற்றிப் பேச இவ்வளவு நேரம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நேரம் போதாது என்பதுதான் என் கவலை. அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது. அந்த மக்களின் பெயர்களைப் பிறர் கை திருத்தித் திருத்தி எழுதிய நெடுங்கதை ஒன்றும் இருக்கிறது.

அந்தப் பெண் ஒரு ராப் பாடகி. அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோப் பெற்றோருக்கு 1987-இல் கலிஃபோர்னியா மாநிலத்தின் சான் ஹோசே நகரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே தாத்தாவின் மரியாச்சிக் குழுவோடு பாடியவர். மரியாச்சி என்பது மெக்சிகோவில் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் வயலினும் ட்ரம்பெட்டும் பெரிய கிட்டாரும் சேர்ந்து முழங்கும் இசை. அந்த இசையில் வளர்ந்த பிள்ளை பிறகு டெக்சாஸுக்குப் போனார். ஒரு வரியை ஆங்கிலத்தில் தொடங்கி, மூச்சு விடாமல் ஸ்பானிஷில் முடிக்கும் அதிவேகச் சொல்லிசைக்காரராக மேடையேறினார். முதலில் அவர் வைத்துக்கொண்ட பெயர் ஸ்னோ ஒயிட் தா புராடக்ட். பிறகு ஒயிட்டை எடுத்துவிட்டார். ஸ்னோ தா புராடக்ட் என்ற பெயர் நிலைத்தது.

இந்தப் பெயரின் நடுவில் ஒரு குட்டிச் சொல் இருக்கிறது, பாருங்கள். அதை அவர் ஆங்கிலத்தில் டி, எச், ஏ என்று எழுதுகிறார். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அது டி, எச், இ. அவர் வைத்தது ஏ. உலகம் எழுதுவது இ. எழுதுகிறவர் பழக்கத்தில் இ போடுகிறார். பிழை திருத்துகிறவர் கடமை என்று நினைத்து இ போடுகிறார். கைபேசியோ யாரையும் கேட்காமல் தானாகவே இ போட்டுவிடுகிறது. மூவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மூவரும் சேர்ந்து ஒரு பெண் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரை மாற்றிவிடுகிறார்கள்.

நான் கேட்கிறேன்: இதில் பிழை எது? அவர் எழுதியதா, நாம் திருத்தியதா?

முதலில் அந்த ஏ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது இவர் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ராப் இசையில் பிறந்த எழுத்து அது. 1990-களில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த தா டாக் பவுண்ட், தா அல்கஹாலிக்ஸ் ஆகிய குழுக்களின் பெயரில் இதே ஏ இருக்கிறது. போன் தக்ஸ்-என்-ஹார்மனி குழுவின் 'தா கிராஸ்ரோட்ஸ்' 1996-இல் வந்தது, கிராமி விருதும் பெற்றது. லில் வெய்ன் 2004-இல் தொடங்கிய 'தா கார்ட்டர்' இசைத்தொகுப்பு வரிசையிலும் அதே ஏ. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் தங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கேட்ட இசையிலிருந்து இந்த எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். வயேஹோ நகரத்திலிருந்து வந்த பேபி பேஷ் 2003-இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலும் இதே தா உண்டு. அந்தத் தொகுப்பில்தான் 'சுகா சுகா' என்ற புகழ்பெற்ற பாட்டு. சர்க்கரை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் கடைசி ஆர் எழுத்தை வெட்டிவிட்டு, வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதினார்கள். அவர் பெயரே கூட முதலில் பேபி பீஷ் என்றுதான் இருந்தது. பேஷ் என்று அவரே மாற்றிக்கொண்டார். கவனியுங்கள், அவரே மாற்றிக்கொண்டார். இந்த 'அவரே' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெய்யொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் அந்தக் குட்டிச் சொல்லை அவர்கள் 'தி' என்று நீட்டுவதில்லை. 'த' என்று குறுக்கித்தான் சொல்கிறார்கள். பேராசிரியரும் அப்படித்தான், பேருந்து ஓட்டுநரும் அப்படித்தான். அப்படியானால் ராப் பாடகர்கள் போட்ட ஏ, இ-யை விட ஒலிக்கு அருகில் இருக்கிறது. அவர்கள் எழுதியது காது கேட்டபடி எழுதிய எழுத்து. எழுதத் தெரியாததால் எழுதியது என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் கேட்கத் தெரியாதவர் என்று நான் பதில் சொல்வேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டலை மாற்றுவது அமெரிக்காவுக்குப் புதிதா? அந்த நாடு பிறந்த கையோடு செய்த வேலைகளில் ஒன்று அது! நோவா வெப்ஸ்டர் என்ற அகராதியாளர் இங்கிலாந்தின் எழுத்துக்கூட்டலை எடுத்து, நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து யு-வை நீக்கினார், மையத்தைக் குறிக்கும் சொல்லில் எழுத்துகளை இடம் மாற்றினார். 1828-இல் வந்த அவருடைய பேரகராதி அமெரிக்க ஆங்கிலத்தின் அடித்தளம் ஆயிற்று. நாக்கு என்ற சொல்லையும் பெண்கள் என்ற சொல்லையும் ஒலித்தபடியே எழுதலாம் என்றும் அவர் முன்வைத்தார். அவை நிற்கவில்லை. 1906-இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையே பிறப்பித்தார். நாடாளுமன்றம் எதிர்த்தது, ஆணை திரும்பப் பெறப்பட்டது. அகராதியாளர் மாற்றினால் அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். குடியரசுத் தலைவர் மாற்றினால் கொள்கை என்று பெயர். ராப் பாடுகிற பெண் ஓர் எழுத்தை மாற்றினால் மட்டும் எழுத்துப்பிழையா?

லிவர்பூலிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் வண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகவே எழுதித் தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். பீட்டில்ஸ்! அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எந்தப் பத்திரிகை ஆசிரியராவது அதில் ஏ-யை அழித்து இ போட்டிருக்கிறாரா? லெட் ஸெப்பலின் குழு தன் பெயரின் முதற்சொல்லில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே விட்டது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் உண்டா? இல்லை. அது கலைஞனின் விருப்பம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. எல்லோருக்கும் ஒப்புக்கொள்வதை இவருக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள மறக்கிறோம்? இந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

மறதிக்கு ஒரு வரலாறு உண்டு, நண்பர்களே. மெக்சிகோ வம்சாவளி மக்களின் பெயர் அமெரிக்காவில் என்ன பாடுபட்டது என்பதைக் கொஞ்சம் கேளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பக்கோய்மா என்று ஒரு பகுதி. அங்கே 1941-இல் பிறந்த ஒரு பையன், ரிச்சர்ட் வலன்சுவேலா. பதினேழு வயதில் அவன் பாட்டைக் கேட்ட பாப் கீன் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர், வலன்சுவேலா என்று போட்டால் வானொலிக்காரர்கள் இதை மெக்சிகோக்காரர்களுக்கான இசைத்தட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்தார். பெயரை வெட்டினார். வேலன்ஸ் ஆயிற்று. ரிச்சி என்ற பெயரில் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள் என்று அதில் ஒரு டி எழுத்தைச் சேர்த்தார். ரிட்ச்சி வேலன்ஸ் பிறந்தார். 1958-இல் அந்தப் பையன் என்ன பாடினான் தெரியுமா? பெயரிலிருந்து எதை வெட்டினார்களோ அதையே பாட்டாகப் பாடினான்: வெராக்ரூஸ் நாட்டுப்புறப் பாடலான 'லா பாம்பா'வை, ஸ்பானிஷ் மொழியிலேயே! அவனுக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது. பாடினான், அமெரிக்காவே ஆடியது. சில மாதங்களில், 1959 பிப்ரவரி 3-ஆம் நாள், அயோவா மாநிலத்தில் விமான விபத்தில் போய்விட்டான். பதினேழு வயது. இன்றைக்கும் அந்தப் பெயரை டி இல்லாமல் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். முதலில் பெயரை வெட்டினார்கள், பிறகு ஓர் எழுத்தை ஒட்டினார்கள், ஒட்டிய எழுத்தையும் உலகம் உதிர்த்துவிட்டது.

அதே காலத்தில் டல்லாஸில் ஒரு பாடகர், ட்ரினி லோப்பஸ். அவரிடமும் ஒரு நிறுவனம் பெயரை மாற்றச் சொன்னது. முடியாது என்றார். லோப்பஸாகவே பாடினார், லோப்பஸாகவே உலகப் புகழ் பெற்றார். பணியாத ஒருவரும் இருந்தார் என்பதை இங்கே வந்திருக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அவர் பெயரைச் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது பாடகர்களைப் பற்றியது இல்லை, பள்ளிக்கூடத்தைப் பற்றியது. மேற்கு டெக்சாஸில் மார்ஃபா என்று ஒரு சிற்றூர். அங்கே மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது பிளாக்வெல் பள்ளி. 1909 முதல் 1965 வரை நடந்த பள்ளி. பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். அம்மாவைக் கூப்பிடுவது ஸ்பானிஷில். பசித்தால் கேட்பது ஸ்பானிஷில். பள்ளி வளாகத்தில் அந்த மொழிக்கு இடமில்லை. 1954-இல் ஒரு நாள் ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, இனி ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று துண்டுத் தாளில் எழுதச் சொன்னார்கள். தாள்களை ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டார்கள். அந்தப் பெட்டிதான் சவப்பெட்டி. 'திரு ஸ்பானிஷ்' இறந்துவிட்டார் என்று அறிவித்து, பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் புதைத்தார்கள்.

பிள்ளைகள் கையாலேயே எழுத வைத்து, பிள்ளைகள் கண் முன்னாலேயே அவர்கள் தாய்மொழிக்கு இழவு எடுத்தார்கள். நான் கதை சொல்லவில்லை. இது நடந்தது. 2007-இல் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள், தலை நரைத்த பிறகு, மீண்டும் அங்கே கூடி ஒரு ஸ்பானிஷ் அகராதியை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் சடங்கை நடத்தினார்கள். 2022-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்க ஒப்புதல் தந்தது. புதைத்த நாட்டின் சட்டமே கடைசியில் அந்தக் குழியைக் காக்க வந்தது.

மார்ஃபா ஒன்றுதானா? 1968 மார்ச் மாதம் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்களே, எதற்காக? ஸ்பானிஷ் பேசியதற்காகத் தண்டிக்காதே என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. எங்கள் வரலாற்றைப் பாடத்தில் வை என்பது இன்னொன்று. சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியர் அவர்களோடு நின்றார், அதற்காகக் கைதும் ஆனார். அந்தப் பிள்ளைகளின் தங்கை, தம்பிகள் வளர்ந்துதான் 1980-களில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ராப் பாடத் தொடங்கினார்கள்.

1990-இல் கிட் ஃப்ராஸ்ட் வந்தார். 'லா ராசா' என்ற பாட்டு. ஆங்கிலமும் ஸ்பானிஷும் தெருக்கொச்சையும் ஒரே வரியில். அடியில் ஓடும் இசை எல் சிக்கானோ என்ற குழுவின் 1970-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுத்தது. அப்பாவின் தலைமுறை கேட்ட இசையின் மேல் மகன் தலைமுறை பேசியது. ஐஸ்-டி என்ற ராப் பாடகரோடு மேடையில் மோதிக்கொண்டிருந்தவர் இவர். அந்தப் போட்டியாளருக்கு மரியாதை செய்வது போல, பனிக்கட்டிக்குப் பதிலாக உறைபனி என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். பின்னாளில் கிட் என்பதை அவரே விட்டார், ஃப்ராஸ்ட் ஆனார். 'லா ராசா' வந்த அடுத்த ஆண்டே சைப்ரஸ் ஹில் குழுவின் முதல் இசைத்தொகுப்பு. அதில் மூக்கால் கிழிப்பது போன்ற குரல் பி-ரியலுடையது. மெக்சிகோத் தந்தைக்கும் கியூபத் தாய்க்கும் பிறந்தவர். பெயரில் ஒரு சிறுகோடு இருக்கிறது. அந்தக் கோட்டையும் விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். 2019-இல் ஹாலிவுட் நடைபாதையில் அந்தக் குழுவுக்கு நட்சத்திரம் பதித்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஹிப்-ஹாப் குழு ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் நட்சத்திரம் அது.

ராப் இசையில் பெயர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மற்ற இசையில் பாடகர் பாட்டுக்குள் தன் பெயரைச் சொல்வது அரிது. ராப்பில் அதுதான் தொடக்கம். நான் யார், எந்தத் தெரு, என் பெயர் என்ன என்று அறிவித்துவிட்டுத்தான் பாட்டு நகரும். பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் பிறர் கொடுத்த பெயரைச் சுமந்தவர்கள், ஒலிவாங்கி கையில் வந்ததும் தங்கள் பெயரைத் தாங்களே உரக்கச் சொல்லும் கலை அது. அந்தக் கலையில் பெயரைத் தப்பாக எழுதினால் பாட்டின் முதல் வரியையே தப்பாக எழுதியதாகும்.

இப்போது மறுபடி சான் ஹோசேக்கு வருகிறேன். நம் பாடகி பிறந்த ஊர் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உண்டு. ஸ்பானிஷில் அந்தக் கோடுதான் குரல் எங்கே அழுந்த வேண்டும் என்று காட்டுகிறது. 1979-இல் அந்த நகர மன்றம், எங்கள் ஊர்ப் பெயரை இனி அந்தக் கோட்டோடுதான் எழுதுவோம் என்று முடிவு செய்தது. எவ்வளவு நல்ல செய்தி! ஆனால் மேலே கேளுங்கள். 1986-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள், நூற்றுக்கு 73 பேர், ஆங்கிலமே மாநிலத்தின் ஆட்சிமொழி என்று வாக்களித்தார்கள். அதைக் காரணமாகக் கொண்டு, பிறப்புச் சான்றிதழில் 26 ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறு குறியீடு வரக்கூடாது என்று அதிகாரிகள் நடைமுறை வகுத்தார்கள்.

அன்று அதன் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். சான் ஹோசே நகர மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறக்கிறது. பெற்றோர் அதற்கு ஹோசே என்று பெயர் வைக்கிறார்கள். ஊரின் பெயர்ப்பலகையில் ஹோசேயின் தலைக்கோடு இருக்கிறது. குழந்தையின் சான்றிதழில் அதே ஹோசேயின் தலைக்கோடு இல்லை! ஊருக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லை. மண்ணுக்குக் கொடுத்த மரியாதையை அந்த மண்ணில் பிறந்த உயிருக்குக் கொடுக்க மறுத்தார்கள். இதை மாற்ற மாநிலச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 2017-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். மற்ற அரசுப் பதிவேடுகளோடு ஒத்துப்போகாது, செலவும் ஆகும் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த மறுப்புக்கு ஓர் ஆண்டு முன்னால் பேஸ்பால் மைதானத்தில் ஒன்று நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் ஆட்ரியன் கொன்சாலஸ் என்ற மெக்சிகோ வம்சாவளி ஆட்டக்காரர். 2016-இல் தன் சட்டை முதுகில் இருக்கும் பெயரில் சாய்கோட்டைப் போடச் சொன்னார். போட்டார்கள். மற்ற லத்தீன் ஆட்டக்காரர்களும் கேட்டார்கள். கோட்டைப் போடு என்று பொருள்படும் ஸ்பானிஷ் முழக்கத்தோடு பேஸ்பால் லீகே அதை ஓர் இயக்கமாக நடத்தியது. ஆளுநர் அலுவலகத்தில் முடியாதது தையல்காரர் ஊசியில் முடிந்தது! ஒரு துண்டு நூல் போதுமாக இருந்தது.

இங்கே எழும் எதிர்வாதத்தை நான் ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். சாய்கோடு மொழி இலக்கணம், தா என்பது பாடகியின் விருப்பம், இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாய்கோடு பாட்டன் பூட்டன் தந்தது, தா தானே தேடிக்கொண்டது. ஆனால் எழுதுகிறவனுக்கு இரண்டிலும் கடமை ஒன்றுதான்: பெயருக்கு உரியவரைக் கேட்டு எழுது. பெக்கி ஜி என்ற பாடகியை உங்களுக்குத் தெரியும், இங்கில்வுட்டில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். அவர் பெயர் ரெபெக்கா. ஆங்கிலத்தில் வழக்கமாக பி ஒன்று, சி இரண்டு. அவருக்கோ பி இரண்டு, சி ஒன்று. அது பெற்றோர் தந்த பெயர். ஊர் வழக்கத்தைப் பார்த்து அதைத் திருத்த யாருக்கு உரிமை? அகராதி பொதுச்சொற்களுக்குத்தான் அதிகாரி. பெயருக்கு அதிகாரி பெயருக்குரியவர்.

சரி, மரியாதை இருக்கட்டும், நடைமுறையில் இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி சொல்கிறேன்.

முதலாவது, அடையாளம். ஸ்னோ என்ற பெயரில் இன்னொரு பாடகர் இருக்கிறார். கனடாவின் டொராண்டோ நகரத்துக்காரர். 'இன்ஃபார்மர்' என்ற அவர் பாட்டு 1993-இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. வெறும் ஸ்னோ என்று தேடினால் அவரும் வந்து நிற்பார். நம் பாடகியைப் பிரித்துக் காட்டுவது பின்னால் வரும் இரண்டு சொற்கள். அந்த இரண்டில் ஒன்றைச் சிதைப்பது எப்படிச் சிறிய காரியம் ஆகும்?

இரண்டாவது, கூலி. இன்றைய இசை முழுக்க முழுக்கப் பதிவேட்டில் ஓடுகிறது. பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் யாருக்குக் காசு போக வேண்டும் என்று கணினி பெயரைப் பார்த்து ஒப்பிடுகிறது. பெயர் பொருந்தாவிட்டால் காசு நடுவில் நிற்கிறது. அமெரிக்காவில் 2018-இல் இசை உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியர்களுக்குக் கூலியைப் பிரித்துக் கொடுக்க ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். 2021 பிப்ரவரியில், உரியவர் யார் என்று பொருத்திப் பார்க்க முடியாமல் தேங்கிக் கிடந்த தொகையை இணைய இசை நிறுவனங்கள் அந்த அமைப்பிடம் ஒப்படைத்தன. எவ்வளவு தெரியுமா? 42 கோடி டாலருக்கும் மேல்! அத்தனையும் எழுத்துப்பிழையால் தேங்கியது என்று நான் சொல்லவில்லை. விவரமே இல்லாத பதிவும் உண்டு, முழுமையில்லாத பதிவும் உண்டு, தவறான பெயரும் உண்டு. அந்த மலையில் எத்தனை பாடலாசிரியர்களின் வீட்டு வாடகை புதைந்து கிடந்திருக்கும்! பெயரைச் சரியாக எழுதுவது உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேரும் வழி.

ஆகவே மாணவர்களே, பத்திரிகையில் எழுதப் போகிறவர்களே, நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்களே, உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன். கலைஞரின் பெயரை எழுதும்போது அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பின் அட்டையைப் பாருங்கள். கைபேசி திருத்தினால், திருத்தியதைத் திருத்துங்கள். பழக்கப்பட்ட கண்ணுக்கு ஒரு பெயர் தவறாகத் தோன்றினால், அங்கேதான் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். லின்-மனுவேல் மிராண்டாவின் 'ஹாமில்டன்' இசை நாடகம் உலகப் புகழ் பெற்றது. அதிலிருந்து பிறந்த பாடல்களைப் பல கலைஞர்கள் பாடி, 2016 டிசம்பரில் 'தி ஹாமில்டன் மிக்ஸ்டேப்' என்ற தொகுப்பு வந்தது. வந்ததும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். குடியேறிகளைப் பற்றிய ஒரு பாட்டு அதில் இருக்கிறது. நான்கு பேர் பாடினார்கள். அந்த நான்கு பெயர்களையும் பாருங்கள். ஒருவர் கெ'நான், சோமாலியாவில் பிறந்து கனடாவில் குடியேறியவர், பெயருக்குள் ஒரு மேற்குறியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். இன்னொருவர் ரிஸ் எம்சி, பாகிஸ்தானிய வம்சாவளி பிரிட்டிஷ்காரர். மூன்றாமவர் போர்ட்டோ ரிக்கோவின் ரெசிடெண்டே. அவர் பெயர் வந்த கதை அருமையானது. சிறுவயதில் அவர் குடியிருந்த பகுதியின் வாசலில் காவலாளி, குடியிருப்பவரா, விருந்தாளியா என்று கேட்பார். இவர் குடியிருப்பவர் என்பார். அதுவே பெயராயிற்று. உடன் வருபவர், பெற்றோரின் மறுமணத்தால் சகோதரரானவர், விருந்தாளி என்பார். அவர் பெயர் விசிட்டான்டே ஆயிற்று. காவலாளியின் கேள்வியை மேடைப் பெயராக மாற்றிய இரு சகோதரர்கள்!

நான்காவது பெயர் ஸ்னோ தா புராடக்ட். இரண்டு நாட்டுக்கும் இரண்டு மொழிக்கும் நடுவில் வளர்ந்தவர், அந்த இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் கோத்து அந்தப் பாட்டில் பாடுகிறார். 2017-இல் அதன் காணொளி வந்தது. ரயில் பெட்டிகளுக்குள் பல நாட்டுக் குடியேறிகள் உழைக்கும் காட்சிகள். அந்த ஆண்டு எம்டிவி விருது விழாவில், அநீதியை எதிர்த்து நின்ற காணொளிகளுக்கான விருதைப் பரிந்துரைக்கப்பட்ட ஆறுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இது அந்த ஆறில் ஒன்று. பிறகு 2021-இல் அர்ஜென்டினாவின் பிசாராப் என்ற இசையமைப்பாளரோடு அவர் செய்த பதிவு லத்தீன் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. அதன் பின் 'டு எனிவேர்' என்ற தொகுப்பையும் வெளியிட்டார்.

அந்த 2017 காணொளியை இப்போது இந்தத் திரையில் போடுமாறு அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். பாட்டு வேகமானது, எல்லாச் சொற்களும் முதல் தடவையிலேயே பிடிபடாது, பரவாயில்லை. பெண் குரல் வரும் இடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.